ஜான் பிழைத்தானா? 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பதிவேடுகளில் ஒரு குடும்பத்தைத் தேடிப் போவது

என் மாமியார் இங்கிலாந்தின் நோர்ஃபோக் பக்கத்துக்காரர். அவர் வழியில் ஏழெட்டுத் தலைமுறையாக எல்லோரும் பண்ணை வேலைக்காரர்கள். நிலம் இல்லை, கல்லறையில் பெயர் வெட்டிய கல் இல்லை. அவர்களைத் தேடப் புறப்பட்டபோது ஒரு ஜானைக் கண்டுபிடித்தேன். மாமியாருடைய கொள்ளுப்பாட்டனாரின் தாத்தா அவர். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 74 வயது, பிறந்த பாரிஷின், அதாவது தேவாலய ஊரின், பெயரும் இருந்தது. அதே பாரிஷில் 1776 டிசம்பரில் ஜான் என்ற குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது. பெயர், ஊர், வயது எல்லாம் சரி. அந்தக் குழந்தையின் அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று பிடித்துக்கொண்டு 1690-கள் வரை போய்விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, வேறு எதையோ தேடும்போது அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். 1778 மார்ச்சில் ஒரு வரி: ஜான், ஜானும் மேரியும் பெற்ற குழந்தை. பதினைந்து மாதத்தில் மண்ணுக்குள் போன குழந்தை 1851-ல் கணக்கெடுக்க வந்தவருக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. நான் ஏறிய மரம் முழுக்க இன்னொரு குடும்பத்தின் மரம்.

அந்த வேலையில் யாரும் எனக்குச் சொல்லித்தராத விஷயம் இதுதான்: ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் வேலை பாதிதான் முடிந்தது. அந்தக் குழந்தை பிழைத்ததா என்று பார்க்கிற வரை அது உங்கள் பாட்டனார் இல்லை. இனி சரியான ஜானை எப்படிப் பிடித்தேன் என்பதை ஒட்டியே வழியைச் சொல்கிறேன்.

1837-க்கு இந்தப் பக்கத்தை முதலில் முடியுங்கள்

நேராக 18-ஆம் நூற்றாண்டில் குதிக்கக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1-ல். அதற்கு இந்தப் பக்கம் சான்றிதழ்கள் இருக்கின்றன; தாயின் பிறந்த வீட்டுப் பெயர்கூட இருக்கும். அந்தப் பக்கம் தேவாலயப் புத்தகங்கள்தான்.

இரண்டையும் இணைக்கிற பாலம் 1851 கணக்கெடுப்பு. 1841-லும் கணக்கெடுப்பு உண்டு, ஆனால் அதில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊரையும் எழுதவில்லை, அதே கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பிறந்தவரா இல்லையா என்று மட்டும்தான் எழுதினார்கள். 1851-ல்தான் வயதும் பிறந்த பாரிஷும் கிடைக்கும். உங்கள் ஆள் அதற்கு முன்பே இறந்துவிட்டாரா? அவருடைய தம்பி, தங்கை யாராவது 1851-ல் உயிரோடு இருந்தார்களா என்று பாருங்கள். உடன்பிறந்தவர் பிறந்த ஊர் பெரும்பாலும் உங்களுக்கும் வழி காட்டும்.

அந்த வயதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர்கள் பிறந்தநாள் கொண்டாடிய மக்கள் இல்லை. முன்னும் பின்னும் ஐந்து வருடம் சேர்த்துத் தேடுங்கள். என் ஜானுக்கு 74 என்று எழுதியிருந்தது, உண்மையில் 72. வயது துல்லியமாகப் பொருந்திய ஜான்தான் என்னை ஏமாற்றியது.

புத்தகத்தில் என்ன இருக்கும்

பாரிஷ் என்பது ஒரு தேவாலயமும் அதற்கு உட்பட்ட ஊரும். நம்முடைய சபைகளில் சேகரம் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் அது சபை மட்டுமல்ல. வரி வசூலிப்பதும் ஏழைக்குச் சோறு போடுவதும் அந்தப் பாரிஷ்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1538-ல், தாமஸ் கிராம்வெல் உத்தரவின்படி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கியது. எல்லா ஊரிலும் அத்தனை பழைய புத்தகம் தப்பிப் பிழைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் நிறையவே இருக்கின்றன.

ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சடித்த படிவம் வந்தது 1813 ஜனவரியில்தான். அதுவரை வெற்றுத் தாள். ஐயர், அதாவது பாரிஷின் குரு, என்ன எழுதினாரோ அதுதான். ஒருவர் 'வில்லியமின் மகன் ஜான்' என்று முடித்துவிடுவார். அடுத்து வந்தவர் தாயின் பெயர், வீடு இருந்த தெரு, அப்பாவின் தொழில் எல்லாம் எழுதுவார். அடக்கப் பதிவு இன்னும் மோசம், பெரும்பாலும் வயதே இருக்காது. 'குழந்தை', 'விதவை', 'இன்னாருடைய மனைவி' என்று ஏதாவது இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

யார்க்ஷயர் குடும்பமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம். 1770-களில் அங்கே வில்லியம் டேட் என்ற குரு விரிவாகப் பதியும் முறையைக் கொண்டுவந்தார். அதைப் பின்பற்றிய ஊர்களில் ஒரு குழந்தையின் பதிவிலேயே இருபக்கத் தாத்தா பெயரும் கிடைக்கும். டர்ஹம், நார்தம்பர்லாந்து பக்கத்தில் 1798 முதல் 1812 வரை ஷூட் பாரிங்டன் என்ற பிஷப் ஏற்பாட்டில் அதேபோன்ற விரிவான பதிவுகள் உண்டு. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் நோர்ஃபோக்கின் சில புத்தகங்களில் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை எழுதியிருக்கிறார்கள். அது பிறகு எனக்குக் கை கொடுத்தது.

திருமணத்துக்கு 1754 மார்ச் 25 ஒரு பெரிய எல்லைக்கோடு. அன்று ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் திருமணத்துக்குத் தனிப் புத்தகம், மணமக்கள் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். எழுதத் தெரியாதவர் குறுக்குக் கோடு போட்டிருப்பார். மூன்று ஞாயிறு தேவாலயத்தில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தோ, லைசென்ஸ் வாங்கியோதான் கல்யாணம் நடக்க வேண்டும். நம் சபைகளில் இன்றும் ஓலை வாசிக்கிறோம் இல்லையா, அதே வழக்கம். மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு வேறு ஊர் என்றால் இரண்டு ஊரிலும் ஓலை வாசிப்பார்கள். கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டு ஊரில் நடக்கும். அதனால் மாப்பிள்ளையின் ஊரில் கல்யாணப் பதிவு இல்லாவிட்டாலும் ஓலைப் புத்தகத்தில் பெண்ணின் ஊர்ப் பெயர் கிடைத்துவிடும்.

சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் எல்லாக் கல்யாணத்திலும் வந்தால் அது கோயில் குட்டியாராக (தேவாலய ஊழியராக) இருக்கும், விட்டுவிடலாம். ஒரே ஒரு தடவை மட்டும் வருகிற சாட்சி பெரும்பாலும் சொந்தக்காரர்.

பிப்ரவரியில் பிறந்தவர்களிடம் கவனம்

1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புது வருடம் பிறந்தது ஜனவரி 1-ல் இல்லை, மார்ச் 25-ல். ஆகவே 1748 டிசம்பருக்கு அடுத்து வந்த ஜனவரி, பிப்ரவரியும் 1748-தான். 1751 மார்ச் 25-ல் தொடங்கி டிசம்பர் 31-லேயே முடிந்துவிட்டது. 1752 ஜனவரி 1-ல் பிறந்தது. அந்த வருடமே செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாளை 14-ஆம் தேதி என்று வைத்தார்கள். நடுவே 11 நாள் கிடையாது.

இது குடும்பத்தின் மானத்தையே வாங்கிவிடும். என் தேடலில் ஒரு தம்பதிக்கு 1748 மே மாதம் கல்யாணம். மூத்த பிள்ளை வில்லியமின் ஞானஸ்நானம் 1748 பிப்ரவரி 19. கல்யாணத்துக்கு முன்பே பிள்ளையா என்று நினைத்தேன். இல்லை. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1749. கல்யாணமாகி ஒன்பது மாதம். இப்படிப்பட்ட தேதிகளை நான் 1748/9 என்று இரண்டு வருடமும் போட்டு எழுதிவைக்கிறேன். சில ஐயர்மாரே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு தளத்தில் தேதி பார்த்தால் அவர்கள் அதை மாற்றி எழுதினார்களா, அப்படியே விட்டார்களா என்று படத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் மேலே பார்த்தால் வருடம் எந்த மாதத்தில் மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

கையெழுத்தும் பெயரும்

18-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து பயப்படுகிற மாதிரி இருக்காது. மூன்று விஷயம் பழகினால் போதும். சொல்லின் நடுவே வரும் 'எஸ்' எழுத்து நீளமாக 'எஃப்' போலத் தெரியும். பெயர்களைச் சுருக்கி, கடைசி எழுத்தை மட்டும் மேலே சிறியதாக எழுதுவார்கள். வில்லியம், தாமஸ், ஜோசப் எல்லாம் அப்படித்தான் வரும். மேலே உள்ளதே இங்கும் என்பதற்கு 'டிட்டோ' என்ற சொல்லையும் சுருக்குவார்கள்.

எழுத்து புரியாவிட்டால் நான் செய்வது இது. அதே ஐயர் எழுதிய பக்கத்தில் மாதங்களின் பெயரைத் தேடுவேன். ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லா எழுத்தும் ஏறக்குறைய வந்துவிடும், என்ன சொல் என்றும் சந்தேகமில்லை. அதைப் பார்த்து அவருடைய 'ஆர்' எப்படி, 'எச்' எப்படி என்று ஒரு தாளில் வரைந்துகொள்வேன். அரை மணி நேர வேலை. அந்த ஐயர் அந்த ஊரில் இருந்த முப்பது வருடத்துக்கும் பயன்படும்.

நூற்றாண்டின் ஆரம்பத்தில் லத்தீனில் எழுதிய குருமார்களும் உண்டு. சட்ட ஆவணங்களில் லத்தீனை 1733-ல் நிறுத்தினார்கள், பதிவேடுகளிலும் அதற்குப் பிறகு அதை அரிதாகத்தான் பார்ப்பீர்கள். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி. லத்தீனில் 'யாக்கோபுஸ்' என்றிருந்தால் அது ஜேம்ஸ். நாமும் ஜேம்ஸை யாக்கோபு என்றுதான் சொல்கிறோம். 'யோஹான்னெஸ்' என்பது யோவான், அதாவது ஜான். 'குலியெல்முஸ்' மட்டும் நமக்குப் புதிது, அது வில்லியம். 'ஃபிலியுஸ்' மகன், 'ஃபிலியா' மகள், 'உக்ஸோர்' மனைவி, 'செபுல்துஸ்' அடக்கம் செய்யப்பட்டவர். இந்த ஏழு சொல் தெரிந்தால் லத்தீன் பக்கமும் ஓடிவிடும்.

குடும்பப் பெயருக்கு எழுத்துமுறை என்ற ஒன்றே அன்று இல்லை. சொல்கிறவருக்கு எழுதத் தெரியாது, கேட்கிறவர் காதில் விழுந்தபடி எழுதுவார். எங்கள் குடும்பப் பெயர் 'ஹ' ஓசையில் ஆரம்பிப்பது. நாட்டுப்புறப் பேச்சில் அந்த ஓசை விழுந்துவிடும். பாதிப் பதிவுகள் 'ஆ' வரிசையில் கிடந்தன. அட்டவணையில் முதல் எழுத்தை மட்டும் வைத்துத் தேடிய நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. பெயரை வாய்விட்டுப் பத்துவிதமாகச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள். தேடும் கட்டத்தில் சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போடலாம். சில நேரம் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு, அப்பா வில்லியம், அம்மா எலிசபெத், இந்தப் பாரிஷ், இந்தப் பத்து வருடம் என்று தேடினால் அகப்படும்.

உறவுச் சொற்களும் இன்றைய பொருளில் இல்லை. மருமகன் என்று இன்று பொருள் தரும் சொல் அன்று மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த பிள்ளையையும் குறிக்கும். சீனியர், ஜூனியர் என்று இருந்தால் அப்பா, மகன் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், அவ்வளவுதான். மாமனும் மருமகனுமாக இருக்கலாம், ஒட்டுறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.

எங்கே தேடுவது

ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம் இலவசம்; நோர்ஃபோக் பதிவேடுகள் பலவற்றின் பக்கப் படங்களே அங்கே இருக்கின்றன. ஃப்ரீரெக் தன்னார்வலர்கள் படித்து எழுதிய அட்டவணை, அதுவும் இலவசம். ஆன்செஸ்ட்ரி, ஃபைன்ட்மைபாஸ்ட் இரண்டும் காசு கட்டிப் பார்ப்பவை. எந்தக் கவுன்டியின் படம் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். அசல் புத்தகங்கள் பெரும்பாலும் கவுன்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். நோர்ஃபோக்குக்கு அது நாரிச் நகரில். போவதற்கு முன் எழுதிக் கேளுங்கள். உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான்.

அட்டவணை என்பது வழிகாட்டிப் பலகை, ஊர் இல்லை. அதில் கிடைத்ததைப் படத்தில் பார்க்காமல் மரத்தில் சேர்க்காதீர்கள். பெரும்பாலான அட்டவணைகள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும்தான் முதலில் எடுத்துக்கொண்டன, அடக்கம் பின்தங்கிவிட்டது. நான் பயன்படுத்திய அட்டவணையில் அந்தப் பாரிஷின் அடக்கப் பதிவு ஒன்றுகூட இல்லை. 'கிடைக்கவில்லை' என்று திரையில் வந்ததை 'இறக்கவில்லை' என்று எடுத்துக்கொண்டேன். அதுதான் நடந்தது.

பதிவேட்டில் பக்கம் கிழிந்திருந்தாலோ, எலி தின்றிருந்தாலோ பிஷப் நகலைத் தேடுங்கள். 1598 முதல் ஒவ்வொரு பாரிஷும் வருடா வருடம் ஒரு நகல் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நோர்ஃபோக்கில் பிஷப்புக்கு அடுத்த நிலையில் இருந்த ஆர்ச்டீக்கனுக்குப் போன நகல்களும் உண்டு. பதிவேடு நன்றாக இருந்தாலும் நகலையும் பாருங்கள். நகல் எழுதியவர் சில இடத்தில் ஒரு பெயரை விட்டிருப்பார், சில இடத்தில் அசலில் இல்லாத ஒன்றைச் சேர்த்திருப்பார்.

ஜான் பிழைத்தானா

இனி முக்கியமான வேலை. ஒரு குழந்தையைக் கண்டுபிடித்ததும், அவன் ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருட அடக்கப் பதிவை வரி வரியாகப் படியுங்கள். படமாகப் படியுங்கள், தேடும் கட்டத்தில் பெயர் தட்டி அல்ல. அந்தப் பாரிஷ் மட்டும் போதாது. சுற்றியுள்ள பாரிஷ்களும் வேண்டும். நோர்ஃபோக்கில் இடைக்காலத் தேவாலயங்கள் மட்டுமே 600-க்கு மேல் நிற்கின்றன. ஒரு மணிக்கூண்டின் மேலே நின்றால் இன்னும் மூன்று தெரியும். நடந்து போகும் தூரத்தில் நாலைந்து பாரிஷ். ஒரு வரைபடத்தில் வட்டம் போட்டு எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். நான் ஐந்து மைல் வைத்தேன்.

படிக்கும்போது மனது கனக்கும். ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு குழந்தை. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சாதாரணம். நான் பிறகு கண்ட ஜேம்ஸ் ஒருவர் அப்படித்தான்: 1720-ல் ஒரு ஜேம்ஸ், 1721-ல் அவனுக்கு அடக்கம், 1722-ல் அதே அப்பா அம்மாவுக்கு இன்னொரு ஜேம்ஸ். ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானம் இருந்தால், முதல் பிள்ளை இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அடக்கப் பதிவு கிடைக்காவிட்டாலும்கூட.

ஒரு ஜான் போய்விட்டானா, அடுத்த ஜானைத் தேட வேண்டும். அதற்கு நான் செய்தது: 1700 முதல் 1812 வரை, அந்த வட்டத்துக்குள் இருந்த எல்லாப் பாரிஷிலும் அந்தக் குடும்பப் பெயரில் வந்த எல்லோரையும் ஒரு விரிதாளில் போட்டேன். சொந்தமா இல்லையா என்று பார்க்கவில்லை, எல்லோரும்தான். பிறகு தம்பதி தம்பதியாகப் பிரித்தேன். இந்த ஜான் குழந்தையிலேயே இறந்தான். இவன் வேறு ஊரில் கல்யாணம் செய்து அங்கேயே அடக்கம். இவன் 1851-ல் வேறு வீட்டில் உயிரோடு இருக்கிறான். இப்படி ஒவ்வொருவராகக் கழித்தால் கடைசியில் மிஞ்சுகிறவர் உங்கள் ஆள்.

எனக்கு மிஞ்சியது நான்கு மைல் தள்ளி இருந்த ஒரு பாரிஷில் 1778 மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற ஜான். அப்பா வில்லியம், அம்மா எலிசபெத். சின்ன வயதில் அடக்கம் எங்கும் இல்லை. ஆனால் ஊர் வேறு. 1851-ல் அவர் சொன்ன ஊரில் அவர் பிறக்கவே இல்லையே? மிஞ்சியவர் என்பது ஆதாரம் ஆகாது. ஒட்டுவதற்கு ஏதாவது வேண்டும்.

பாரிஷ் பெட்டி

அது தேவாலயத்தின் பெட்டிக் காகிதங்களில் கிடைத்தது. பதிவேடுகளோடு சேர்த்துப் பூட்டிவைத்த மற்றக் காகிதங்களைப் பாரிஷ் பெட்டி என்று சொல்வார்கள். ஏழைக் குடும்பம் என்றால் உங்களுக்கு இதுதான் புதையல். பணக்காரர்களுக்கு உயில் உண்டு, நிலப் பத்திரம் உண்டு. ஏழைகளைப் பற்றி அவர்கள் செலவு வைத்தபோதுதான் ஊர் எழுதியது.

1601 முதல் ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே யார் எந்த ஊர்க்காரர் என்பது காசுப் பிரச்சினை. 1662 சட்டம் இதை இறுக்கியது. இந்த உரிமைக்கு 'செட்டில்மென்ட்' என்று பெயர். அப்பாவின் ஊர் வழியாக அது வரும். கல்யாணமாகாத ஆள் ஒரு முழு வருடம் ஒரு முதலாளியிடம் வேலை செய்தால் அந்த ஊரில் கிடைக்கும். வருடம் 10 பவுண்டு வாடகையில் இடம் எடுத்தாலும், தொழில் பழகுநராக இருந்தாலும் கிடைக்கும். ஒரு குடும்பம் கைநீட்டும் நிலைக்கு வரும்போல் தெரிந்தால், இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் அந்த ஆளை நிறுத்தி விசாரிப்பார்கள். வேறு ஊர்க்காரர் என்று முடிவானால் வெளியேற்று உத்தரவு போட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு அந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகளையும் இப்படித் துரத்தியிருக்கிறார்கள். 1795-க்குப் பிறகுதான், உண்மையிலேயே உதவி கேட்டவர்களை மட்டும் அனுப்பலாம் என்று சட்டம் மாறியது.

வில்லியமின் விசாரணைத் தாள் 1783-ஆம் வருடத்தது. நாலாக மடித்த ஒரே தாள். வயது ஏறக்குறைய 34. பிறந்த பாரிஷ் இது. 20 வயதில், மைக்கேல்மஸ் (செப்டம்பர் 29 திருநாள்) முதல் மைக்கேல்மஸ் வரை, இன்ன பாரிஷில் ஒரு விவசாயியிடம் ஒரு வருடம் வேலை, சம்பளம் 6 பவுண்டு. பிறகு கல்யாணம். மனைவி எலிசபெத், பிள்ளைகள் வில்லியம் 8 வயது, ஜான் 5 வயது, ஆன் 2 வயது. கீழே அவர் போட்ட குறுக்குக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இருநூறு வருடத்துக்கு மேலாக யாரும் பிரிக்காத தாளோ என்று தோன்றியது.

அவர் ஒரு வருடம் வேலை செய்த அந்த ஊர்தான் 1851-ல் ஜான் சொன்ன ஊர். அதே வருடம் நவம்பரில் வெளியேற்று உத்தரவும் இருந்தது. ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு அங்கே கொண்டுவந்து விடப்பட்டவன், விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தவன், 68 வருடம் கழித்து எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்டால் வேறு எதைச் சொல்வான்?

மூன்றாவதாக ஒன்றும் ஒட்டியது. அதே ஊரின் பதிவேட்டில் 1785-ல் வில்லியம், எலிசபெத் தம்பதிக்கு சாரா என்ற பெண் குழந்தை. தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் அந்த ஐயர் எழுதியிருந்தார். 1774 கல்யாணப் பதிவில் இருந்த அதே பெயர். பக்கத்தில் 'பி' என்று ஒரு எழுத்து. 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது, பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த எழுத்துக்கு ஏழை என்று பொருள். அந்த வருடங்களில் பிள்ளையின் பதிவு கிடைக்காவிட்டால் வரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரி வருவதற்கு முந்தைய செப்டம்பரிலும், வரி போன பிறகும் ஒரே நாளில் மூன்று நாலு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஞானஸ்நான நாள் பிறந்த நாள் இல்லை என்பதை இதுவும் காட்டும்.

விசாரணைத் தாள் இல்லாத ஊர்களில் ஏழைகளுக்கான செலவைக் கவனித்த ஓவர்சீயரின் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். இன்னாருக்கு ஒரு ஜோடிச் செருப்பு, இன்னார் மனைவியின் பிரசவத்துக்கு இத்தனை ஷில்லிங், இன்னாருடைய குழந்தைக்குச் சவப்பெட்டி என்று வாரவாரம் எழுதியிருப்பார்கள். பதிவேட்டில் விட்டுப்போன குழந்தை அந்தச் சவப்பெட்டிக் கணக்கில் இருக்கும். தகப்பன் பெயர் எழுதாத பிள்ளை உங்கள் வழியில் இருந்தால், ஊர் அந்தத் தகப்பனிடம் எழுதி வாங்கிய ஜாமீன் பத்திரமும் இந்தப் பெட்டியில்தான் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக

ஞானஸ்நானம் எங்குமே இல்லையென்றால் குடும்பம் குவேக்கர், பாப்டிஸ்ட் போன்ற வேறு சபையாக இருக்கலாம். அவர்களுடைய பழைய பதிவேடுகளை 1837-க்குப் பிறகு அரசாங்கம் திரட்டியது, பெரும்பாலானவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அப்போதும் அவர்கள் கல்யாணம் 1754-க்குப் பிறகு பாரிஷ் புத்தகத்தில்தான் இருக்கும். குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. உயில்கள் 1858 வரை திருச்சபை நீதிமன்றங்களில் பதிவாயின. கூலிக்காரர் உயில் எழுதுவது அபூர்வம். ஆனால் கல்யாணமாகாத ஒரு அத்தை எழுதியிருந்தால், அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோர் பெயரும் அதில் வரும்.

தேடிக் கிடைக்காததையும் எழுதிவையுங்கள்: இந்தப் பாரிஷ், இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை, அடக்கம், படத்தில் பார்த்தேன், இல்லை, 1741 முதல் 1744 வரை பக்கமே இல்லை. இது இல்லாமல் ஒரே புத்தகத்தை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தலைமுறைக்கும் கீழே, 'இவர்தான் இவருடைய மகன் என்று ஏன் நம்புகிறேன்' என்று நாலு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் ஆதாரம் போதவில்லை.

விசாரணைத் தாள் சொன்ன பாரிஷில்தான் 1748/9 பிப்ரவரி வில்லியமும், அவர் அப்பா ஜேம்ஸும், அந்த 'யாக்கோபுஸ்' என்ற லத்தீன் வரியும் கிடைத்தன. இப்போது ஜேம்ஸின் அப்பா எங்கே பிறந்தார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வேலையும் இருந்தது. என் பழைய மரத்தை ஒரு தளத்தில் பொதுவில் வைத்திருந்தேன். ஏழு பேர் அதிலிருந்து அந்த 1776 ஜானைத் தங்கள் மரத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஏழு பேருக்கும் அடக்கப் பதிவின் படத்தை இணைத்து எழுதினேன். இதுவரை இரண்டு பேர் திருத்தியிருக்கிறார்கள். ஜானையும் மேரியையும் அவர்கள் முன்னோரையும் நான் அழிக்கவில்லை. தனி மரமாக வைத்திருக்கிறேன், அந்தக் குழந்தைக்குக் கீழே 1778 மார்ச் என்று போட்டு. அந்தத் தம்பதிக்கு 1779-ல் இன்னொரு பிள்ளை பிறந்தது. அவனுக்கும் ஜான் என்றுதான் பெயர் வைத்தார்கள். அவனுடைய வழியில் வந்தவர்கள் யாராவது தேடி வந்தால் 1690-கள் வரை எல்லாம் தயாராக இருக்கிறது.